மூன்றாவது சிலிண்டர்

அப்பாவின் சூப்பர் ஃபோர் பைக் புகைவதை முதலில் கண்டுபிடித்தது நான் இல்லை, தம்பி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சிங்கப்பூரின் மண்டாய் ரோட்டில் தன்னுடைய சின்ன பைக்கில் எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தவன், அடுத்த சிவப்பு விளக்கில் பக்கத்தில் நிறுத்தி ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினான். "அக்கா, இறக்கத்துல திராட்டில விட்டுட்டு மறுபடி திருகுற நேரத்துல நீலமா ஒரு மேகம் வருது. நேரா இழுக்கும்போது அவ்வளவா இல்ல."

அவன் சொன்னதில் எல்லாமே இருந்தது. ஆனால் என் காதில் விழுந்தது புகை என்ற ஒரு சொல் மட்டும்தான்.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஹோண்டா சிபி400 சூப்பர் ஃபோர். 55 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 42 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), நாலு சிலிண்டர், 16 வால்வு, 399 சிசி. 1999இல் விடெக் என்ற வால்வு நுட்பம் வருவதற்கு முந்தைய மாடல், கார்புரேட்டரும் நாலு. 1998 பிப்ரவரியில் அப்பா பதிவு செய்தார். அப்போது அவர் செம்பவாங் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் ஃபிட்டர். 2008இல் ஒருமுறை, 2018 பிப்ரவரியில் இன்னொரு முறை என்று சிஓஇயை, அதாவது வண்டி வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழை, பத்துப் பத்து ஆண்டுக்குப் புதுப்பித்தார். இரண்டாவது முறை பணம் கட்டி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஏப்ரலில் அந்த அறிவிப்பு வந்தது: 2003 ஜூலை 1க்கு முன்பு பதிவான மோட்டார்சைக்கிள்கள் 2028 ஜூன் 30க்குப் பிறகு சாலையில் ஓடக்கூடாது. முன்கூட்டியே பதிவை ரத்து செய்பவர்களுக்கு 3,500 வெள்ளி வரை ஊக்கத்தொகையும் கொடுத்தார்கள். அப்பா அந்தப் பக்கமே போகவில்லை.

ஆக, இந்த வண்டிக்கு 2028 வரைதான் ஆயுள். அதற்குப் போய் எஞ்சினைப் பிரித்து, பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங், வால்வுத் தண்டில் ஆயிலைத் தடுக்கும் சீல் என்று பார்த்துப் பார்த்துச் செய்வது எதற்கு என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. முதல் காரணம், 2023 ஏப்ரலிலிருந்து இந்தப் பழைய வண்டிகளுக்குப் புகைச் சோதனையின் அளவுகோல் கடுமையாகிவிட்டது. ஆண்டுதோறும் சோதனைக்குப் போக வேண்டிய வண்டி ஆயிலை எரித்தால், எரியாத மிச்சம் ஹைட்ரோகார்பனாக அந்தக் கருவியில் தெரிந்துவிடும். இரண்டாவது காரணம் அதைவிடப் பெரிது. எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த வண்டி அது. அதன் கடைசி நாள்வரை அது நன்றாக ஓட வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில் போன ஒர்க்‌ஷாப்பில் எஞ்சினை ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டு, ஒரு நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். ரிங் போய்விட்டது, ரீபோர் அடித்து சிலிண்டரை அகலமாகக் கடைய வேண்டும், நாலு பிஸ்டனும் 0.25 மி.மீ. பெரிதான ஓவர்சைஸ். நான் வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 55 மி.மீ. போர் 55.25 ஆனால் கொள்ளளவு ஏறக்குறைய 403 சிசி. என்னிடம் இருப்பது 2ஏ உரிமம். அதன் எல்லை 400. கால் மில்லிமீட்டரில் நான் அந்தக் கோட்டைத் தாண்டுகிறேன். அதைச் சொன்னதும் அவர்கள் கொடுத்த அடுத்த யோசனை இன்னும் மோசம்: போரை அப்படியே விட்டுவிடலாம், 0.25 ஓவர்சைஸ் ரிங்கை வாங்கி முனைகளை ராவிப் பழைய பிஸ்டனிலேயே போட்டுவிடலாம்.

இதைச் செய்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதனால் இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன். ரிங் என்பது வெறும் வளையம் இல்லை. வெளியே இருக்கும்போது அது முழு வட்டமே கிடையாது. குறிப்பிட்ட விட்டமுள்ள சிலிண்டருக்குள் அழுத்தி நுழைக்கும்போதுதான் வட்டமாகி, சுற்றிலும் ஒரே சீராகச் சுவரைத் தொடும்படி அதன் வளைவை அமைத்திருப்பார்கள். 55.25க்கு வட்டமாக வேண்டியதை 55க்குள் திணித்தால் சில இடத்தில் அழுத்தும், சில இடத்தில் தொடாமல் நிற்கும். முனையை ராவி இடைவெளியை வேண்டுமானால் சரிசெய்யலாம், வளைவை ராவிச் சரிசெய்ய முடியாது. தொடாத இடம் வழியாக ஆயில் மேலே ஏறும், தீயின் வாயு கீழே இறங்கும்.

நான் வண்டியை எடுத்துக்கொண்டு காக்கி புக்கிட் போனேன். வீவக அடுக்குமாடி வீடுகளின் கார் நிறுத்துமிடத்தில் எஞ்சினைப் பிரித்துப் போட்டு உட்கார முடியாது. எனக்கு வேண்டியது ஒரு மேசையும் சொல்லிக்கொடுக்கும் ஓர் ஆளும். அங்கே ஒரு சின்னக் கடையில் ஜோகூரிலிருந்து தினமும் கடற்பாலம் கடந்து வேலைக்கு வரும் மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருக்கிறார். கடை முதலாளியிடம் பேசி, வேலை முடிந்த பிறகு மாலையில் ஒரு மூலையை எனக்கு விடச் செய்தார். நான் கையை அழுக்காக்கலாம், அவர் பார்த்துக்கொள்வார். அதுதான் ஏற்பாடு.

அண்ணன் முதலில் ஸ்பேனரைத் தொடவில்லை. கேள்விதான் கேட்டார். "எப்பப் புகையுது தங்கச்சி? காலையில ஸ்டார்ட் பண்ணும்போதா, இழுக்கும்போதா, விட்டுட்டுத் திருகும்போதா?" தம்பி சொன்னதை அப்போதுதான் நினைவுக்குக் கொண்டுவந்தேன்.

திராட்டிலை மூடிவிட்டு எஞ்சின் வேகத்தோடு இறக்கத்தில் வரும்போது, இன்டேக் பக்கத்தில் கடுமையான வெற்றிடம் உருவாகும். வால்வுத் தண்டைச் சுற்றி இருக்கும் சீல் கெட்டிப்பட்டிருந்தால், ஹெட்டின் மேலே நிற்கும் ஆயிலை அந்த வெற்றிடம் தண்டு வழியாகச் சிலிண்டருக்குள் உறிஞ்சும். மறுபடி திருகும்போது அது எரிந்து நீலமாக வெளியே வரும். இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் ஸ்டார்ட் ஆனதும் ஒரு மூச்சுப் புகைந்துவிட்டு நிற்பதும் இதே வகைதான். இரவில் கசிந்து வால்வின் முதுகில் தேங்கியது எரிகிறது. ரிங் தேய்ந்த வண்டி அப்படி இல்லை. பளு ஏற ஏறப் புகையும், கியரில் இழுக்கும்போது விடாமல் புகையும்.

"அப்ப சீல்தானே அண்ணே?" என்றேன்.

"சீல்தான். சீல் மட்டுந்தானான்னு இன்னும் தெரியல."

கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம், பார்த்தோம். எஞ்சினைச் சூடாக்கி, நாலு பிளக்கையும் கழற்றி, திராட்டிலை முழுதாகத் திறந்து வைத்துச் சுற்றினோம். முதல், இரண்டாவது, நாலாவது சிலிண்டர்கள் 165 பிஎஸ்ஐ பக்கம் நின்றன. மூன்றாவது 138. அதன் பிளக் மட்டும் ஈரமான கறுப்பாக இருந்தது. பிறகு மூன்றாவது சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி சுற்றினோம், 160க்கு ஏறியது. ஊற்றிய ஆயில் ரிங்கைச் சுற்றி அடைத்துக்கொண்டதால் அழுத்தம் கூடியது. அப்படியானால் கசிவது ரிங் பக்கம். ஆயில் ஊற்றியும் ஏறாமல் இருந்திருந்தால் வால்வு சரியாக உட்காரவில்லை என்று பொருள். ஊதி உறுதி செய்யவும் ஒரு வழி உண்டு: பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, பிளக் ஓட்டை வழியாகக் காற்று கொடுத்துக் காதை வைப்பது. எக்ஸாஸ்ட் குழாயில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, கார்புரேட்டரில் சீறினால் இன்டேக் வால்வு, எஞ்சினின் அடிப்பகுதி மூச்சு விடும் குழாயான கிராங்க்கேஸ் பிரீதரில் சீறினால் ரிங். எங்களுக்கு பிரீதரில்தான் சீறியது.

கவனிக்க வேண்டியது, இந்தச் சோதனை எதிலும் வால்வு சீல் அகப்படாது. சீல் வால்வுக்கு மேலே, தண்டின் மீது உட்கார்ந்திருக்கிறது; கம்ப்ரஷன் அங்கே போவதே இல்லை. சீல் பதினாறும் செத்துப்போன எஞ்சின்கூடக் கம்ப்ரஷனில் முதல் மதிப்பெண் வாங்கும். அந்த முதல் ஒர்க்‌ஷாப் நாலு சிலிண்டரையும் ரீபோர் அடித்து, பதினாறு சீலையும் பழையபடி விட்டிருந்தால், அத்தனை செலவுக்குப் பிறகும் மண்டாய் இறக்கத்தில் அதே நீல மேகம் வந்திருக்கும். இதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அப்பா வந்தது எஞ்சினை இறக்கிய அன்று. 71 வயது. கொவிட் காலத்தில் வண்டியைத் தொடாமல் விட்டவர், அப்புறம் முட்டி வலியால் அதை என் கையில் கொடுத்துவிட்டார். எஞ்சின் மேசையில் இருந்தது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு பொருளை எடுத்து வைத்தார். கப்பல் பட்டறைக் காலத்து ஃபீலர் கேஜ், இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளின் கொத்து. இலைகள் ஆயில் பூசி மினுமினுப்பாக இருந்தன.

ஹெட்டைத் தூக்கி, சிலிண்டர் பிளாக்கைத் தூக்கியதும் மூன்றாவது பிஸ்டனின் கதை தெரிந்துவிட்டது. கீழே இருக்கும் ஆயில் ரிங் கரியில் ஒட்டிப்போய் அசையவே இல்லை. பிஸ்டனில் அந்தப் பள்ளத்தின் உட்புறம் சின்னச் சின்னத் துளைகள் உண்டு; ரிங் வழித்த ஆயில் அதன் வழியாகத்தான் கீழே திரும்பும். அத்தனையும் அடைந்திருந்தன. 2020இல் கொவிட் முறியடிப்பு நடவடிக்கை என்ற ஊரடங்கு தொடங்கியதிலிருந்து ரொம்ப நாள் நின்றது, அப்புறம் நான் வேலைக்கும் வீட்டுக்குமாக எஞ்சின் சரியாகச் சூடாவதற்குள் அணைத்துவிடும் குட்டிக் குட்டிப் பயணங்கள். தேய்ந்ததைவிட அடைந்ததுதான் அதிகம்.

மூன்று ரிங்கையும் ஒரே வேலைக்காரர்களாக நினைக்கக்கூடாது. மேல் ரிங்தான் தீயை நேரே சந்திக்கிறது. பிஸ்டனின் சூட்டில் பெரும்பகுதியைச் சுவருக்குக் கடத்துவதும் ரிங்குகள்தான். மேல் ரிங்கின் சொந்த ஸ்பிரிங் விறைப்பு கொஞ்சம்தான். எரியும் வாயு பள்ளத்துக்குள் புகுந்து ரிங்கின் முதுகைப் பிடித்துத் தள்ளுவதால்தான் அது சுவரோடு ஒட்டி அடைக்கிறது. ரிங்குக்கும் பள்ளத்துக்கும் நடுவே நூலிழை இடம் விடுவது அதற்காகத்தான். அந்த இடம் கரியால் அடைந்தால் ரிங் புதிதாக இருந்தும் பயன் இல்லை. இரண்டாவது ரிங்கைப் பலர் இன்னொரு கம்ப்ரஷன் ரிங் என்று நினைக்கிறார்கள். அதன் முகம் லேசாகச் சாய்ந்திருக்கும். கீழே வரும்போது ஆயிலை வழிப்பதுதான் அதற்குப் பாதிக்கு மேற்பட்ட வேலை. மூன்றாவது, ஆயில் ரிங், மூன்று துண்டு: மேலும் கீழும் மெல்லிய இரண்டு தகடு, நடுவே அவற்றை வெளியே தள்ளும் அலை அலையான எக்ஸ்பாண்டர்.

புது ரிங் வாங்குவதற்கு முன்னால் அண்ணன் போரை அளக்கச் சொன்னார். கடையில் போர் கேஜ் இருந்தது. மேலே, நடுவே, கீழே என்று மூன்று உயரத்தில், முன்பின்னாக ஒன்று பக்கவாட்டில் ஒன்று. மூன்றாவது சிலிண்டரில் அதிகபட்சம் 55.04. மற்றவை அதைவிடக் குறைவு. கையேட்டின் எல்லைக்குள் நன்றாகவே இருந்தது. ரீபோர் என்ற பேச்சு அங்கேயே முடிந்தது.

அப்பா அதை ஒத்துக்கொண்டார், ஆனால் கேஜை நம்பவில்லை. பழைய மேல் ரிங் ஒன்றைக் கேட்டு வாங்கி, மூன்றாவது போரின் அடிப்பகுதியில், ரிங் உரசாத இடத்தில் வைத்து, பிஸ்டனைத் தலைகீழாக விட்டுச் சதுரமாகத் தள்ளி நிறுத்தினார். முனைகளுக்கு நடுவே ஃபீலர் இலையை விட்டார். பிறகு அதே ரிங்கை மேலே, அதிகம் தேயும் இடத்துக்கு இழுத்து, மறுபடி அளந்தார். இரண்டுக்கும் வித்தியாசம் 0.09.

"மூணு புள்ளி ஒண்ணு நாலால வகு."

0.03க்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. போர் கேஜ் காட்டிய தேய்மானமும் ஏறக்குறைய அதுதான்.

விட்டம் எவ்வளவு கூடுகிறதோ, சுற்றளவு அதைப் போல மூன்று மடங்குக்கு மேல் கூடும். சுற்றளவு கூடுவது அத்தனையும் ரிங்கின் முனை இடைவெளியில் வந்து நிற்கும். அதனால் ஒரு ரிங்கும் பத்து வெள்ளி ஃபீலர் கேஜும் இருந்தால் போரின் தேய்மானத்தைக் கண்டுபிடித்துவிடலாம். "கப்பல்ல பிஸ்டன் மேல ஒரு ஆள் உட்காரலாம். அங்க இதை மில்லிமீட்டர்ல பேசுவோம்" என்றார் அப்பா. "கணக்கு ஒண்ணுதான்." எனக்கு 34 வயதாகிறது. அப்பா வேலையில் என்ன செய்தார் என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

சரி, ரிங் வாங்கிய கதை. பொறுமையில்லாமல் நான் இணையத்தில் 35 வெள்ளிக்கு ஒரு செட் வாங்கியிருந்தேன். பெட்டி அச்சு அசலாக இருந்தது. மேல் ரிங்கை மூன்றாவது போரின் அடியில் வைத்து அளந்தால் 0.55. சாலையில் ஓடும் எஞ்சினுக்குப் பொதுவான கணக்கு, போரின் விட்டத்தை 0.004ஆல் பெருக்குவது, 55க்கு 0.22 வரும். அதற்குக் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. அண்ணன் எதுவும் சொல்லாமல் போருக்கு அடியில் கைவிளக்கைப் பிடித்தார். மேலிருந்து பார்த்தால் ரிங்கைச் சுற்றி ஓர் ஓரத்தில் பிறை போல வெளிச்சம் கசிந்தது. வட்டமே இல்லாத வளையம். அந்தச் செட்டை நான் திருப்பி அனுப்பவில்லை. மறுபடி யாருக்காவது விற்றுவிடுவார்கள் என்று வெட்டிப் போட்டேன்.

அசல் செட் ஜப்பானிலிருந்து வர ஐந்து வாரம் ஆனது. இந்த வண்டியின் வரிசையை ஹோண்டா 2022இல் நிறுத்திவிட்டது. பழைய மாடல்களுக்கான பாகங்கள் ஒவ்வொன்றாகத் தீர்ந்துகொண்டிருக்கின்றன. அசல் கிடைக்காதவர்களுக்கு என் யோசனை, வண்டித் தயாரிப்பாளர்களுக்கே ரிங் செய்து கொடுக்கும் ஆலைகளின் பெயரைத் தேடுவது. என்பிஆர், ரிக்கன், டிபிஆர் மூன்றும் ஜப்பானில் அந்த வேலையைப் பல பத்தாண்டுகளாகச் செய்பவை. என்பிஆரும் ரிக்கனும் 2023 அக்டோபரில் ஒரே குழுமமாகவும் சேர்ந்துவிட்டன. ஆனால் பெயரைப் பார்த்து வாங்கினாலும் போரில் வைத்து அளக்காமல் பிஸ்டனில் ஏற்றாதீர்கள். போலிகள் முதலில் திருடுவது பெயரைத்தான்.

புதுச் செட்டின் மேல் ரிங் அடியில் 0.21 காட்டியது, மேலே 0.30. இரண்டாவது ரிங் அதைவிடக் கொஞ்சம் அதிகம். அப்படித்தான் இருக்க வேண்டும்: மேல் ரிங்கைத் தாண்டி வரும் வாயு இரண்டுக்கும் நடுவே தேங்கி மேல் ரிங்கைத் தூக்கிவிடாமல் இருக்க, இரண்டாவதின் வாய் சற்று அகலமாக இருப்பது நல்லது. இடைவெளி அதிகமானால் வாயு கசியும், அதோடு போயிற்று. குறைவானால்தான் ஆபத்து. சூட்டில் ரிங் நீளும். முனைகள் முட்டிக்கொண்டால் நீள இடமில்லாமல் சுவரைக் கீறும், இல்லாவிட்டால் உடையும். கொஞ்சம் அதிகமாக இருப்பதில் நான் கவலைப்படவில்லை.

ரிங்கின் முகத்துக்கு என்ன பூச்சு என்பதைப் பற்றி நிறையச் சண்டை போடுகிறார்கள். எங்கள் வண்டியில் வார்ப்பிரும்பு உறை, அதற்குக் குரோம் முகம் பொருந்தும். நீண்ட நாள் உழைக்கும், உட்கார மட்டும் கொஞ்சம் நேரம் எடுக்கும். பூச்சில்லாத வார்ப்பிரும்பு ரிங் சீக்கிரம் உட்காரும், சீக்கிரம் தேயும். செய்யவே கூடாதது, குரோம் பூசிய போரில் குரோம் ரிங். நிக்கல் சிலிக்கான் பூச்சுள்ள போர் வைத்திருப்பவர்கள் சாதாரணக் கல்லால் ஹோன் செய்யவும், அதாவது உட்சுவரைத் தேய்க்கவும், கூடாது. அவ்வளவுதான், இதற்கு மேல் அந்தச் சண்டையில் எனக்கு ஆர்வம் இல்லை.

ஹோன் செய்வதில் ஆர்வம் உண்டு. 27 ஆண்டு ஓடிய போர் கண்ணாடி போலப் பளபளத்தது. பார்க்க அழகு, ஆனால் அந்த வழுவழுப்பில் ஆயில் நிற்காது, புது ரிங் உரசி உட்காரவும் பிடி இருக்காது. கல்லைச் சுழற்றியபடியே மேலும் கீழும் ஒரே தாளத்தில் இழுத்தால் குறுக்கும் நெடுக்குமாகக் கோலம் போல மெல்லிய கோடுகள் விழும். என் கை முதல் சிலிண்டரில் தடுமாறியது; அண்ணன் கையைப் பிடித்துத் தாளம் காட்டினார். முடிந்ததும் சுடுநீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். மண்ணெண்ணெய் மட்டும் போதாது, கல்லின் பொடி கோடுகளுக்குள் தங்கிவிடும். ஆயில் தொட்ட வெள்ளைத் துணியால் துடைத்து, துணியில் சாம்பல் நிறம் வராத வரைக்கும் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். ஏழு தடவை ஆனது.

இனி சீல். சுண்டுவிரல் நுனி அளவு. உலோகக் கிண்ணம், உள்ளே ரப்பர், ரப்பரின் உதட்டைச் சுற்றி மெல்லிய ஸ்பிரிங் வளையம். பழைய பதினாறில் ஒன்றை நகத்தால் அழுத்திப் பார்த்தேன். பேனா மூடி போலக் கெட்டியாக இருந்தது. இன்னொன்று கழற்றும்போதே உடைந்தது. சீலுக்குக் கிலோமீட்டர் கணக்கு மட்டும் போதாது, வயதையும் பார்க்க வேண்டும். ஓடாமல் நின்றாலும் ரப்பர் முதிரும்.

ரப்பர் எது என்பதுதான் முதல் கேள்வி. மலிவானவை நைட்ரைல், 100, 120 டிகிரியைத் தாண்டித் தொடர்ந்து சுட்டால் சீக்கிரம் கெட்டியாகும். பாலிஅக்ரிலேட் அதைவிடத் தாங்கும். ஃப்ளூரோ ரப்பர், கடையில் வைட்டன் என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள், 200 டிகிரி வரை தாங்கும். முப்பது டிகிரி வெயிலில் விளக்குக்கு விளக்கு நின்று நின்று போகும் நம் ஊர் ஓட்டத்துக்கு ஃப்ளூரோ ரப்பரைத்தான் நான் எடுப்பேன், விலை கூடினாலும். நிறத்தைப் பார்த்து ரப்பரைத் தீர்மானிக்காதீர்கள். பச்சைச் சாயம் யாரும் கலக்கலாம். நான் என்ஓகே தயாரிப்பை, அசல் பாக எண்ணோடு ஒப்பிட்டு வாங்கினேன்.

இரண்டாவது கேள்வி, சீல் உட்காரும் கைடு, அதாவது வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழாய். அதை மறந்தால் முதல் கேள்வியே வீண். கைடு தேய்ந்து வால்வுத் தண்டு பக்கவாட்டில் ஆடினால், புது சீலின் உதட்டை அந்த ஆட்டம் சில மாதத்தில் ஒரு பக்கமாகத் தின்றுவிடும். ஒவ்வொரு வால்வையும் கொஞ்சம் தூக்கிப் பிடித்து ஆட்டிப் பார்த்தோம். பிறகு தண்டை மைக்ரோமீட்டரில் அளந்தோம். எங்கள் அதிர்ஷ்டம், பதினாறும் எல்லைக்குள். அதே சமயம், சீல் ஒரு சொட்டுகூட விடாமல் இறுக்கிப் பிடிப்பதும் தவறு. தண்டுக்கும் கைடுக்கும் நடுவே ஒரு மெல்லிய ஈரம் இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உலர்ந்து உரசும். அந்த ஈரத்தை அளந்து விடுவதுதான் சீலின் வேலை.

போடும்போது புது சீலைக் கெடுப்பதும் சுலபம். ஆயில் தடவி, பொருத்தமான சாக்கெட்டால் நேராக, கையாலேயே அழுத்த வேண்டும். உட்கார்ந்ததும் ஒரு சின்ன 'டக்' விரலுக்குத் தெரியும். தண்டின் நுனியில், வால்வைப் பிடித்து நிறுத்தும் லாக் உட்காரும் பள்ளத்தின் விளிம்பு கத்தி போல இருக்கும். அதன் மேல் மெல்லிய பிளாஸ்டிக் உறை போட்டு, ஆயில் தடவி, சுழற்றியபடி நுழைத்தேன். முன்னதாக வால்வுகளைப் பேஸ்ட் போட்டு அரைத்திருந்ததால் வால்வு இடைவெளிகள் மாறியிருந்தன. அந்த இடைவெளியைச் சரிசெய்யும் சின்னத் தகடுகளில், அதாவது ஷிம்களில், ஐந்தை மாற்ற வேண்டியிருந்தது.

நாலு பிஸ்டனை ஒரே பிளாக்குக்குள் இறக்குவதற்கு மூன்று ஜோடிக் கை வேண்டும். எங்களிடம் சரியாக மூன்று ஜோடி இருந்தன. ரிங்கில் எழுத்துப் பொறித்த பக்கம் மேலே. வாய்களை ஒன்றுக்கொன்று விலக்கி, 120 டிகிரி தள்ளி. எக்ஸ்பாண்டரின் முனைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் முட்டி நிற்க வேண்டும். இதைத் தவறவிட்டால் புது எஞ்சின் முதல் நாளே புகையும். உள்ளே இருக்கும் இரண்டையும் மூன்றையும் உச்சியில் நிறுத்தி முதலில் அவற்றை ஏற்றினோம். நான் பிளாக்கைப் பிடித்தேன், அண்ணன் ரிங்கை விரலால் அமுக்கினார், அப்பா குனிந்து பின்பக்கம் பார்த்துச் சொன்னார். "மூணுல இன்னும் வெளிய நிக்குது. இறக்காதே. நில்லும்மா, நில்லு." கை நடுங்கியது. "இப்ப." வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கியது.

முதல் ஓட்டத்தில் பலரும் செய்யும் தவறு, பாவம் புது எஞ்சின் என்று மெதுவாகவே ஓட்டுவது. ரிங்கைச் சுவரோடு அழுத்துவது வாயுதான் என்று முன்னால் சொன்னேன். பளு இல்லாவிட்டால் வாயு அழுத்தம் இல்லை, அழுத்தம் இல்லாவிட்டால் ரிங் உட்காராது, போர் மறுபடி வழுவழுத்துவிடும். அதனால் நிற்கவைத்து ஐடிலில் ஓட விடக்கூடாது. சூடானதும் சாலையில் எடுத்து, நடுத்தர வேகத்தில் திடமாக இழுத்து, திராட்டிலை மூடி எஞ்சினாலேயே வேகம் குறைத்து, மறுபடி இழுத்து. லிம் சூ காங் ரோடு அதற்கு வசதி. அதன் ஒரு பகுதியைப் போர் விமானம் இறங்கும் ஓடுதளமாகவே மாற்றிப் பயிற்சி செய்திருக்கிறார்கள்; ஞாயிறு காலையில் கூட்டமும் இருக்காது. வேக வரம்புக்குள்ளேயே மூன்றாவது, நாலாவது கியரில் இதைச் செய்யலாம். ஈரக் கிளட்ச்சுக்கான ஜாசோ எம்ஏ தரமுள்ள மினரல் ஆயில் போட்டிருந்தேன். 150 கிலோமீட்டரில் வடித்தபோது அதில் வெள்ளித் தூள் மினுமினுத்தது. ரிங்கும் போரும் உரசிப் பழகியதன் அடையாளம். அடுத்த மாற்றத்தில் அது இல்லை. கம்ப்ரஷன் நாலிலும் ஐந்து பிஎஸ்ஐக்குள் ஒத்து வந்தது.

ஆயிரத்து இருநூறு கிலோமீட்டருக்குப் பிறகு ஆயில் அளவைப் பார்த்தேன். கோட்டிலிருந்து இறங்கவே இல்லை. அன்று மாலை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அப்பாவிடம் சொன்னேன். அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "சாவி எங்க வச்சிருக்க?" என்றார்.

மறுநாள் சனிக்கிழமை. அம்மா முட்டிக்குத் தைலம் தேய்த்துவிட்டு முணுமுணுத்துக்கொண்டே அனுப்பினார். அப்பா சூப்பர் ஃபோரில், நான் தம்பியின் சின்ன பைக்கில் பின்னால். காலை ஏழு மணிக்கு மண்டாய் ரோட்டில் மரநிழல் ஈரமாக இருந்தது. ஏற்றத்தில் ஒரே சீராக இழுத்துக்கொண்டு போனார். இறக்கம் வந்தது. திராட்டிலை முழுதாக மூடியது சத்தத்தில் தெரிந்தது. நாலு சிலிண்டரும் உறுமி அடங்க, வண்டி தன் வேகத்தில் இறங்கியது. நான் அவருடைய எக்ஸாஸ்ட் குழாயின் வாயையே பார்த்துக்கொண்டு வந்தேன். அடியில் வந்ததும் திருகினார்.

ஒன்றும் வரவில்லை. அப்பா திரும்பிப் பார்க்காமல் இடது கையைப் பின்னால் நீட்டி, என்ன என்பது போல விரலை விரித்தார். நான் இரண்டு முறை ஹார்ன் அடித்தேன்.